பண்டத்தரிப்பில் சற்றுத் தரித்துச் செல்லுங்கள்

பண்டம், தரிப்பு என்று எமது ஊரின் பெயரைப் பிரித்தால் பண்டங்கள் வந்து தரித்த இடம் என்ற கருத்து வருகின்றது. ஆனால் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்க்க வருகின்ற இன்றைய வாகனங்கள் எமது சந்தியில் தரிப்பதில்லை. கீரிமலைக்குச் செல்வோர் காங்கேசன்துறை வீதியால் போய்விடுகின்றனர். காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குச் செல்வோர் சங்கானை, சுழிபுரம் வழியாகப் போய்விடுகின்றனர். மாதகல் சம்பில்துறைக்கு வரும் தென்பகுதி யாத்திரிகர்களின் பஸ்கள் எமது ஊரால் சென்றாலும் நிற்பதில்லை. கிழக்கே கீரிமலை, வடக்கே மாதகல், மேற்கே பொன்னாலை என்று மூன்று பக்கமும் பழைமையான கரைகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கின்றது பண்டத்தரிப்பு.

வருகின்றவர்களின் தொகையோ குறைந்தபாடில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது ஒரு கூட்டம் வந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டதோடு அது நின்றது. போர் முடிந்த பின்னர் மறுபடியும் வரத் தொடங்கினர். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது. இத்தனை பேர் வந்து போகின்ற வழியிலேயே இருந்துகொண்டு, அவர்கள் செலவிடும் பணத்தில் ஒரு ரூபாவையேனும் காணாத பெண்கள் எமது ஒழுங்கைகளில் எத்தனை பேர்!

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த என் சித்தியின் மகள் எமது விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டாள்: “கீரிமலையும் கசூரினாவும் பாத்தாச்சு. இனி இஞ்ச பாக்கிறதுக்கு என்ன அக்கா இருக்கு?” மறுநாள் விடியற்காலையில் அவளை இரவல் சைக்கிளொன்றில் ஏற்றி மாதகலுக்குக் கூட்டிச் சென்றேன். அவள் ஊர் திரும்பிய பின்னர் தன் சிநேகிதிகளை அனுப்பினாள். அவர்கள் வேறு சிலரை அனுப்பினர். இப்போது நானும் அயலிலுள்ள இரண்டு பெண்களும் மாதத்தில் சில நாட்கள் இதை ஒரு தொழிலாகவே செய்கின்றோம். ஒருவர் சமைப்பார். மற்றவர் பனையோலை இழைத்துக் காட்டுவார். கதை சொல்வது என் வேலை. எம் மூவரின் வீட்டிலும் உழைக்கின்ற ஆண்பிள்ளை கிடையாது.

இக்கட்டுரையை வருகின்றவர்களுக்காகவும், இதுபோன்ற கரையோரக் கிராமங்களில் வாழும் என் சகோதரிகளுக்காகவும் எழுதுகின்றேன். தமது ஊரில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் எம்மில் அதிகம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் நாம். திரும்பி வந்தபோது வீடு இருந்ததா, கிணறு இருந்ததா என்று பார்த்தோமே தவிர, கடற்கரையைப் போய்ப் பார்க்க யாருக்கு மனம் இருந்தது? மனம் இருந்தாலும் விட்டார்களா என்பது வேறு கதை.

மாதகலும் சம்பில்துறையும்

பண்டத்தரிப்பிலிருந்து மாதகல் கரைக்குச் சைக்கிளில் அரை மணி நேரம் கூடப் பிடிக்காது. வெயில் ஏற முன்னர் போய்விட வேண்டும். இரவு கடலுக்குச் சென்ற வள்ளங்கள் வந்து சேருகின்ற நேரம் அது. வலையிலே சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றுவது ஒரு கலை. கரையில் இருந்து அதைச் செய்பவர்களில் பெண்களும் உள்ளனர். வருகின்றவர்கள் எட்ட நின்று படம் எடுப்பதை நான் விரும்புவதில்லை. முதலில் கேட்டுவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு நண்டையாவது கழற்றிப் பார்க்கும்படி சொல்லுவேன். மதியக் கூழுக்கு வேண்டிய மீனையும் நண்டையும் அங்கேயே அவர்களைக் கொண்டு வாங்குவிப்பேன்.

சில நாட்களில் கரை வெறுமையாக இருக்கும். “என்ன அமைதியான இடம்” என்று வந்தவர்கள் வியப்பார்கள். அமைதியல்ல அது. இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலை அறுந்துவிடும் என்ற பயத்தினால் எமது தொழிலாளர்கள் கடலுக்குப் போவதில்லை. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தினால் தடை செய்தது. ஆனால் சட்டம் கரையில் இருக்கின்றது, படகுகள் கடலில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைக் கண்டிருக்கின்றேன். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். அறுந்த வலைக்குப் பட்ட கடனை அடைப்பவள் அந்த வீட்டுப் பெண் அல்லவா?

மாதகலின் ஒரு பகுதியே சம்பில்துறை. மகாவம்சம் கூறுகின்ற ஜம்புகோளப் பட்டினம் இதுவே என்பர். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தியின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய துறை என்பது அந்நூல் தரும் செய்தி. தேவநம்பிய தீசன் கழுத்தளவு கடலில் இறங்கி அதனை வரவேற்றானாம். இன்று அங்கு ஒரு விகாரையும் சங்கமித்தையின் சிலையும் உள்ளன. போருக்குப் பின்னர் இவ்வாறான இடங்கள் எழும்பிய விதம் குறித்து எம்மவருக்கு மனக்குறை உண்டு. அது நியாயமற்றதும் அல்ல. ஆனால் அதற்காக அந்தத் துறையின் கதையை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பௌத்தம் ஒரு காலத்தில் தமிழரின் மதமாகவும் இருந்தது. மணிமேகலை தந்த மொழி எமது மொழி. இங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள கந்தரோடையில், சுண்ணக்கல்லினாலும் முருகைக்கல்லினாலும் கட்டிய சிறு தாதுகோபங்கள் கூட்டமாக உள்ளன. 1917 முதல் 1919 வரை போல் ஈ. பீரிஸ் என்பவர் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தார். மதியத்துக்குப் பின்னர் நேரம் மிஞ்சினால் அதையும் பார்க்கலாம்.

சங்கமித்தை ஏன் வந்தாள் என்ற கேள்வியை நான் வருபவர்களிடம் கேட்பதுண்டு. பலர் மரக்கிளை கொண்டு வரத்தான் என்பார்கள். அனுலா என்ற அரசகுலப் பெண்ணும் அவளோடு சேர்ந்த பெண்களும் துறவு பூண விரும்பினர். பெண்களுக்குத் துறவு கொடுக்க ஒரு பெண்தான் வரவேண்டும் என்பதால் அவள் அழைக்கப்பட்டாள். பெண்கள் கேட்டதற்காகப் பெண்ணொருத்தி கடல் கடந்து வந்து இறங்கிய துறை என்று சொன்னால், சிங்களச் சகோதரிகளும் நின்று கேட்கின்றனர். என் சிங்களம் அவ்வளவுக்குப் போதும்.

கீரிமலை

மாதகலில் இருந்து கிழக்கே கரையோரமாகச் சென்றால் கீரிமலை வரும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. பெய்கின்ற மழை சுண்ணக்கல் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தின் கீழே தேங்கி நிற்கின்றது. அதுவே எமது கிணறுகளுக்கு வரும் தண்ணீர். அந்த நீரின் ஒரு பகுதி கடலை நோக்கி ஓடி, கரையிலே ஊற்றாகக் கிளம்புவதுதான் கீரிமலைக் கேணி. ஒரு பக்கம் உப்புக்கடல், மதிலுக்கு இப்பால் குளிர்ந்த ஊற்றுநீர். ஆண்களின் கேணி கடலைப் பார்த்தபடி திறந்திருக்கும். பெண்களுடையது சிறியது, சுற்றிவர மதில் கட்டியது. கடலைப் பார்த்துக்கொண்டு குளிக்கும் பாக்கியம் ஆண்களுக்கு மட்டும்தானா என்று என்னோடு வந்த ஒரு பிள்ளை கேட்டது. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. எனினும் மதிலுக்குள்ளே பயமின்றி நீந்தலாம், கதைக்கலாம், சிரிக்கலாம். மாற்றுடுப்பு கொண்டு போங்கள். படிகள் பாசி பிடித்து வழுக்கும்.

கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பதும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி நீராடி அழகு பெற்றாள் என்பதும் ஐதீகம். குதிரைமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று, அங்கு கந்தசுவாமி கோவில் எழுந்தது என்பர். பக்கத்திலுள்ள நகுலேஸ்வரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் தூண்டுதலால் மீண்டும் எழும்பி, 1990 இல் விமானக் குண்டுவீச்சில் சிதைந்து, போருக்குப் பின்னர் திருத்தப்பட்டது. 1990 இல் இப்பகுதிகளில் இருந்து வெளியேறியவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் நலன்புரி நிலையங்களில் இருந்தனர். இன்னமும் விடப்படாத காணிகள் வலிகாமம் வடக்கில் உண்டு. ஆகவே பாழடைந்த வளவு ஒன்றைக் கண்டால் அழகான இடிபாடு என்று உள்ளே இறங்கிவிடாதீர்கள். அது ஒருவருடைய வீடு. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சுற்றுலாப் புத்தகங்கள் கீரிமலையை நீராடுமிடம் என்று மட்டும் எழுதுகின்றன. எமக்கு அது பிதிர்க்கடன் செய்யுமிடம். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் இங்கு கூடுவர். என் ஐயாவின் அஸ்தியையும் இந்தக் கடலில்தான் கரைத்தோம். அவருக்கு ஒரு திதி உண்டு. என்னோடு ஓலை இழைக்கின்ற அக்காவின் கணவருக்குத் திதி இல்லை. 1996 இல் சைக்கிளில் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் கூறியும் அவர் எடுக்கவில்லை. நாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போகும் நாட்களில் அவரும் வருவார். கேணியில் குளிப்பார். கிரியை நடக்கும் பக்கம் மட்டும் போகமாட்டார். ஒரு நாள் சிட்னியிலிருந்து வந்த பெண்ணொருத்தி, அவர் ஏன் தனியே நிற்கிறார் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். அவள் எதுவும் பேசாமல் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றனர். அதன் பின்னர், கிரியை செய்யும் குடும்பங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். எவரும் அதை மறுத்ததில்லை.

எமது சந்தியைச் சுற்றி

மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் ஊருக்குள் ஒரு நடை நடக்கலாம். 1619 இல் போர்த்துக்கேயரும் 1658 இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். அவர்கள் காலத்தில் கிறிஸ்தவக் கோவில் அமைந்த ஊர்களில் எமதும் ஒன்று. அக்காலத்துக் கல்வேலை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புவோர் சங்கானையில் இன்னும் நிற்கின்ற பழைய கோவிலின் முருகைக்கல் சுவர்களைப் பார்க்கலாம்.

1820 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வந்து குடியேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்வர். மனைவி ஹரியற்றோடு இங்கிருந்து வைத்தியம் பார்த்தார், பாடசாலைகளும் நடத்தினார். 1836 இல் சென்னைக்கு மாற்றலாகினார். அவருடைய பேர்த்திதான் ஐடா ஸ்கடர். மிஷனரியாக வர விருப்பமற்றிருந்த ஐடா, இளவயதில் ஓரிரவில் தன் தகப்பனின் வீட்டில் நின்றபோது, மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவளது தகப்பனார் வைத்தியர்தான். ஆனால் ஆண் வைத்தியர் பார்ப்பதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவளை வைத்தியம் படிக்கச் செய்தது. 1900 இல் வேலூரில் பணி தொடங்கி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் திறந்தார். இன்று எம்மவர் பலர் சிகிச்சைக்குப் போகின்ற வேலூர் வைத்தியசாலை அவ்வாறு வளர்ந்தது. ஸ்கடர் குடும்பத்தின் வைத்தியப் பணிக்கு முதல் வாசல் எமது பண்டத்தரிப்பு என்று சொன்னால் வேலூருக்குப் போய் வந்தவர்கள் நம்ப மறுக்கின்றனர். இதற்கு ஒரு பலகையாவது சந்தியில் நடலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

அண்டையில் சில்லாலை. நாட்டு வைத்தியத்துக்குப் பெயர் போன கத்தோலிக்கக் கிராமம். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளாருக்கு மறைந்திருந்து பணி செய்ய இடம் கொடுத்தவர்கள் சில்லாலை மக்கள். 2015 ஜனவரி 14 இல் கொழும்பில் வைத்துப் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். தேடி வருகின்ற ஆட்களுக்குத் தெரியாமல் ஒருவரை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுவது என்றால் என்னவென்று எமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மேற்கே

வெயில் தாழ்ந்த பின்னர் மேற்குப் பக்கம் போகலாம். சுழிபுரம் திருவடிநிலையும் ஆடி அமாவாசைத் தீர்த்தக் கரைதான். கீரிமலையை விடச் சனம் குறைவு. அங்கிருந்து பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்குச் சென்று, பிறகு காரைநகர் போகும் பொன்னாலைப் பாலத்தில் ஏறலாம். இரு பக்கமும் கடல்நீர், இடையிலே வீதி. சைக்கிளில் போவதுதான் அழகு. மாரிக்குப் பின்னர் பறவைகள் நிறைய நிற்கும். கசூரினாவில் நெடுந்தூரம் வரை கடல் ஆழமில்லாதிருப்பதால் பிள்ளைகளை விடலாம். கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்தது. பன்றித்தொடையின் குதி என்று பொருள்படும் ஹம்மன்ஹீல் என்பது ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர். அதைக் கரையிலிருந்து பார்த்தாலே எனக்குப் போதும். சிறையாகவும் இருந்த இடத்தில் விருந்துண்ண என் மனம் ஒப்பாது. போக விரும்புவோரைத் தடுப்பதில்லை.

கூழும் கடகமும் கணக்கும்

எல்லோருக்கும் நினைவில் நிற்பது கூழ்தான். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிக் கைப்புப் போக்கிக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் போட்டுக் காய்ச்சி, செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்துப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பது. விருந்தாளிகள் பார்த்துக்கொண்டு இராமல் மீன் துப்புரவு செய்யவும் காய் வெட்டவும் இருக்கட்டும். வேலையோடு வேலையாக அவர்கள் கேட்கும் கேள்விகளும் நாம் சொல்லும் பதில்களும் வேறு விதமாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பின்னர் அக்கா ஓலை வார்ந்து ஒரு சிறு பெட்டி இழைக்கக் காட்டிக் கொடுப்பார். வந்தவர்களின் பெட்டி கோணலாகத்தான் வரும். அதையே ஆசையோடு கொண்டு போவார்கள். கூடவே அக்கா இழைத்த கடகம், நீற்றுப்பெட்டி, சுளகு என்பவற்றையும் வாங்குவார்கள். நகரத்துக் கடைக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் அங்கு விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எம் கைக்கு வருவது இவ்வாறு வீட்டில் விற்கும்போதுதான்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு இரண்டொரு விடயம் சொல்கின்றேன். விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் ஆனாலும் சொல்லுங்கள். “விரும்பியதைத் தாருங்கோ” என்றால் சிலர் அள்ளித் தருவார்கள், சிலர் நன்றி மட்டும் சொல்வார்கள். இரண்டுமே அடுத்த நாள் அடுப்புக்கு உதவாது. வருமானத்தை அன்றன்றே பிரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாம் மீன், விறகு, சைக்கிள் கூலி எல்லாம் கழித்து மிஞ்சுவதை மூன்றாகப் பிரிக்கின்றோம். இரவு தங்க விட விரும்புவோர் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டைப் பதிவு செய்யலாம். அதற்குரிய நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியாக வாழும் பெண் முன்பின் தெரியாத ஆண்களைத் தனியே கூட்டிச் செல்ல வேண்டாம். நாம் எப்போதும் இருவராகவே போகின்றோம். உங்கள் துயரக் கதையைக் கேட்டுத்தான் பணம் தருவோம் என்பது போல நடப்பவர்களும் வருவார்கள். அவர்களுக்குக் கூழைக் கொடுங்கள், கதையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றுமாக இருக்கும், கடலோரம் சுற்ற ஏற்றதல்ல. மார்கழித் திருவாதிரைக்குக் காரைநகர் ஈழத்துச் சிதம்பரம் நிறைந்திருக்கும். தை, மாசியில் வந்தால் ஒடியற் பாத்தி கிண்டுவதைப் பார்த்து, சுடச்சுட அவித்த கிழங்கும் தின்னலாம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தினாலும் நுங்கு உண்டு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கிவிடும், பணியாரம் சுடுவோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் முதல்நாளே அறிவித்துவிடுங்கள். ஒடியல் மாவைக் காலையிலேயே ஊறப் போட வேண்டும்.